ஊருக்கு உழைத்த அச்சுக்காரர்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவரிற் பலருக்கு ஒரு காற்றாடியும் ஒரு மின்னலும் நினைவுக்கு வரும். சரித்திரம் படித்தவர்களுக்கோ, அவர் 1776-ம் வருஷத்துச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவராகவும், பிரான்ஸ் தேசத்து அரசவையில் அமெரிக்காவின் தூதராக அமர்ந்தவராகவும், இங்கிலாந்துடன் 1783-ம் வருஷத்தில் சமாதான உடன்படிக்கையை முடித்தவர்களில் ஒருவராகவும் தோன்றுவார். இப் பெரிய ராஜீய காரியங்களெல்லாம் அவருடைய எழுபதாம் பிராயத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும் நிகழ்ந்தவை. அதற்கு முன்னே, சுமார் முப்பது வருஷ காலம், பிலடெல்பியா நகரத்தின் கடைத்தெருவில் அச்சுத் தொழில் நடத்திக்கொண்டு, தம் வாசலில் கிடந்த சேற்றைப் பற்றியும், அண்டை வீட்டுக் கூரையில் விழக்கூடிய நெருப்புப் பொறியைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த பிராங்க்ளின் ஒருவர் உண்டு. அவரைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

இதற்குக் காரணம் உண்டு. அரசியல் ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்களிற் சிலர், தெருவும் விளக்கும் வாசகசாலையும் சில்லறைக் காரியங்கள் என்றும், பெரிய காரியம் கைகூடிய பின் அவை தாமே வந்து சேரும் என்றும் எண்ணுகிறார்கள். வேறு சிலர், அவையெல்லாம் சர்க்காரின் கடமை, வரி கொடுத்த நாம் துடைப்பத்தையும் தூக்க வேண்டுமோ என்று கேட்கிறார்கள். இவ்விரு கட்சியும் அற்பமானவை அல்ல. இவற்றுக்கு விடை வேண்டுவோர் தர்க்க நூல்களைப் புரட்டுவதைவிடப் பிலடெல்பியாவில் 1727 முதல் 1757 வரை நடந்தவற்றைக் கவனிப்பது நலம்.

பிராங்க்ளின் 1706-ம் வருஷம் ஜனவரி மாதம் 17-ந் தேதி பாஸ்டன் நகரத்தில் பிறந்தார். தகப்பனார் ஜோசையா, சோப்பும் கொழுப்பு மெழுகுவர்த்தியும் காய்ச்சி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். அவருக்கு மக்கள் 17 பேர். ஆண் மக்களுள் பெஞ்சமினே கடைக்குட்டி. பிள்ளையைப் பாதிரியாக்க வேண்டும் என்ற ஆசையில் பள்ளிக்கு அனுப்பினார், செலவு தாளவில்லை. ஆகவே பிராங்க்ளினுடைய பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இரண்டு வருஷத்தோடு முடிந்தது.

அவருடைய முதல் பொதுக் காரியம் சிறு வயதிலேயே நடந்தது; அது திருட்டிலும் முடிந்தது. ஆலைக் குளம் ஒன்றின் ஓரத்தில் நின்று மீன் பிடிக்கும் சிறுவர்கள் மிதித்து மிதித்து அவ்விடம் உளையாகிவிட்டது. அருகே புது வீடு ஒன்று கட்டுவதற்காகக் குவித்திருந்த கற்களைப் பெஞ்சமின் தம் தோழர்களுக்குக் காட்டினார். மாலையில் வேலையாட்கள் போனதும் சிறுவர்கள் எறும்புகளைப் போல மொய்த்து, கற்களைச் சுமந்துவந்து, நிற்பதற்கு ஒரு சிறு துறை கட்டி முடித்தார்கள். காலையில் குட்டு வெளிப்பட்டது. தகப்பன்மார் கையில் அடியும் கிடைத்தது. காரியத்தின் பயனை எடுத்துச் சொல்லித் தப்பப் பார்த்த மகனிடம், நேர்மையில்லாதது எதுவும் பயனுள்ளதாகாது என்று ஜோசையா தெளிவுபடுத்தினார். ஊருக்காகச் செய்கிறோம் என்று சொல்லிப் பிறர் கல்லை எடுப்பவர்கள் எல்லாத் தேசங்களிலும் உளர். அவர்கள் எல்லோருக்கும் ஜோசையாவைப் போன்ற தகப்பனார் வாய்ப்பதில்லை.

பன்னிரண்டாம் வயதில் தமையனார் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். எழுத்துக் கோக்கும் வேளை போக, இரவல் வாங்கிய புத்தகங்களை இரவெல்லாம் படித்தார். தமையனார் முன்கோபி, கை நீட்டுபவர். 1723-ம் வருஷம், 17 வயதில், பெஞ்சமின் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டுப் புறப்பட்டு, கடல் வழியாகவும் கால்நடையாகவும் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். கையில் இருந்தது ஒரு டச்சு டாலரும் கொஞ்சம் செப்புக் காசுமே. பின்னர் லண்டனுக்குச் சென்று அச்சுக்கூடங்களில் வேலை பார்த்து, 1726-ம் வருஷத்தில் திரும்பினார். 1728-ல் கூட்டாளி ஒருவருடன் சொந்த அச்சுக்கூடம் திறந்தார். 1729-ல் பென்ஸில்வேனியா கெஜட் என்ற பத்திரிகையை விலைக்கு வாங்கினார். ஆக, அவர் நமது தொழிலைச் சேர்ந்தவர். அந்த அபிமானம் இக்கட்டுரையில் சற்று மிகுதியாகத் தென்பட்டால் நேயர்கள் பொறுப்பார்களாக.

அக்காலத்துப் பிலடெல்பியாவின் நிலைமையை இங்கே சொல்வது அவசியம். வில்லியம் பென் என்பவர் 1682-ம் வருஷத்தில் வகுத்த நகரம் அது. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. ஆனால் கல் பாவப்படாதவை. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சு வரை சேற்றில் இறங்கும். நகர சபை ஒன்று இருந்தது. அதன் அங்கத்தினர்களை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. இருப்பவர்களே தங்களுக்குப் பின் வருவோரைத் தேர்ந்துகொள்வார்கள். வரி விதிக்கும் அதிகாரமோ அதற்கு மிகக் குறைவு. ஆஸ்பத்திரி இல்லை, பொதுப் புத்தகசாலை இல்லை, உயர்தரப் பாடசாலை இல்லை. முறையிட்டுக்கொள்வதற்கு ஓர் அதிகாரி இருந்திருந்தால் பிராங்க்ளினும் மகஜர் எழுதுவதோடு நின்றிருக்கக்கூடும்.

1727-ம் வருஷத்தில் அவர் ஜூண்டோ என்ற பெயரால் ஒரு சிறு சங்கம் கூட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் கூடுவது வழக்கம். அதில் சேர்ந்தவர்கள் யார்? பத்திரம் எழுதிப் பிழைப்பவர் ஒருவர். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துபவர் ஒருவர், அவர் தாமே கற்ற கணித மேதை. செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர் ஒருவர். நில அளவைக்காரர், தச்சர், வியாபாரி வீட்டுக் கணக்குப்பிள்ளை ஆகியோர். செல்வர் ஒரே ஒருவர்தாம் இருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் 24 கேள்விகளைப் படிப்பார்கள். ஊருக்குப் புதிதாய் வந்தவருள் நாம் உதவக்கூடியவர் எவரேனும் உளரோ, புதிதாய்த் தொழில் தொடங்கிய வாலிபருள் ஊக்குவிக்கத் தக்கவர் யார், தேசத்துச் சட்டங்களில் என்ன குறை கண்டீர்கள் என்பவை போன்றவை அக்கேள்விகள். ஒரு கேள்விக்கும் மறு கேள்விக்கும் நடுவே ஒரு கோப்பைத் திராட்சை மது அருந்த அவகாசம் உண்டு. மதுவிலக்கில் பற்றுடைய நம் நேயர்கள் இவ்வொன்றை மட்டும் மோராக மாற்றிக்கொள்ளலாம். தாம் சொல்வதே முடிந்த முடிபு என்ற தோரணையில் பேசினாலும், பிறரை முகத்துக்கு நேரே மறுத்து வாதாடினாலும் சிறு அபராதம் கட்ட வேண்டும். இந்த விதியை அமல் நடத்தினால் நம் தேசத்துச் சங்கங்கள் பல ஒரே மாதத்தில் சொந்தக் கட்டடம் கட்டிவிடும் என்பது நமது அபிப்பிராயம்.

அங்கத்தினர் தொகை பன்னிரண்டுக்கு மேற்படலாகாது என்பது அவர்களுடைய ஏற்பாடு. பலர் சேர விரும்பியபோது, சங்கத்தைப் பெருக்காமல், ஒவ்வோர் அங்கத்தினரும் வெளியே தனித்தனிச் சிறு சங்கம் அமைக்கட்டும் என்று பிராங்க்ளின் யோசனை கூறினார். ஐந்தாறு சங்கங்கள் அவ்வாறு எழுந்தன. பின்னர் ஒவ்வொரு பொதுக் காரியத்துக்கும் ஊராரின் மனத்தைப் பக்குவப்படுத்த இச் சிறு சங்கங்களே வாய்க்கால்களாயின. அவர் முதலில் ஒரு யோசனையை எழுதி ஜூண்டோவில் படிப்பார். அங்கே அதன் பழுதுகள் வெளிப்படும். பின்பு அதே பொருள் மற்றச் சங்கங்களில் அவ்வவற்றிலேயே பிறந்ததுபோல் பேசப்படும். அதன் பின்பே பத்திரிகையில் வரும். பத்திரிகையில் எழுதிவிட்டால் காரியம் ஆயிற்று என்று நினைக்கும் பத்திராதிபர்களுக்கு இம்முறை சற்றுச் சங்கடமாயிருக்கும்.

புத்தகசாலையை எடுத்துக்கொள்வோம். ஜூண்டோ அன்பர்கள் தத்தம் புத்தகங்களை ஒரே அறையில் வைத்துப் பொதுவாகப் படிக்க முயன்றனர். பேணுவாரின்றிப் புத்தகங்கள் கெட்டன. ஒரு வருஷத்துக்குள் அவரவர் புத்தகத்தை அவரவர் எடுத்துச் சென்றனர். இந்தத் தோல்வியிலிருந்தே 1731-ம் வருஷத்தில் சந்தாப் புத்தகசாலை பிறந்தது. சேரும்போது 40 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு 10 ஷில்லிங் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. அந்நகரத்தில் படிப்பவர் தொகை குறைவு. பணம் இருந்தவர் தொகை அதனினும் குறைவு. மிகுந்த அலைச்சலுக்குப் பின் 50 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. அவர்களிற் பெரும்பாலோர் கைத்தொழில் செய்யும் வாலிபர்கள்.

இந்த அலைச்சலில்தான் பிராங்க்ளின் ஓர் அரிய பாடம் கற்றார். பயனுள்ள திட்டம் ஒன்றைத் தமதென்று சொல்லிக்கொண்டு வருபவன் அதனால் தங்களைவிட ஒருபடி உயர்ந்துவிடுவான் என்று தோன்றினால், அண்டை அயலார் அத்திட்டத்துக்குக் கை கொடுக்கத் தயங்குவார்கள் என்பதை அவர் கண்டார். அன்று முதல் தம்மைக் கூடியமட்டும் மறைத்துக்கொண்டார். நண்பர் சிலர் கூடி வகுத்த திட்டம் இது, புத்தகப் பிரியர்களிடம் காட்டிவரும்படி என்னை அனுப்பினார்கள் என்று சொல்லத் தொடங்கினார். காரியம் தடையின்றி நடந்தது. அப்போதைக்குத் தற்பெருமையைச் சிறிது தியாகம் செய்தால் பிற்காலத்தில் அது வட்டியுடன் திரும்பி வரும் என்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார். புகழை முற்றும் துறந்தார் என்று நாம் சொல்லவில்லை, அவர் துறவியல்லர். புகழ் வருவதற்கு முன் வேலை நடக்க வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தார். கல்வெட்டில் பெயர் பொறிப்பதைப் பற்றிய சண்டையில் கட்டடமே எழும்பாமற் போன கதைகளை நாம் அறிவோம்.

அப்புத்தகசாலை இன்றும் பிலடெல்பியாவில் இருக்கிறது. லண்டனிலிருந்து அதற்குப் புத்தகம் வாங்கி அனுப்பி உதவிய பீட்டர் காலின்ஸன் என்ற அன்பரே பின்னர் மின்சார சோதனைக்குரிய கண்ணாடிக் குழாய் ஒன்றையும் அதற்கு அன்பளிப்பாக அனுப்பினார். பிராங்க்ளினுடைய மின்சார ஆராய்ச்சி அதிலிருந்து வளர்ந்தது. கைத்தொழிலாளர் 50 பேர் ஷில்லிங் சேர்த்திராவிட்டால் காற்றாடியும் மின்னலும் ஏது?

அடுத்து நெருப்பு. மரத்தாலான வீடுகள் நெருங்கிய நகரத்தில் அதைவிடப் பெரிய பயம் வேறில்லை. 1735-ம் வருஷத்தில் தம் பத்திரிகையிலேயே, ஒரு முதிய பிரஜை எழுதுவதுபோல், நெருப்பு எவ்வாறு அஜாக்கிரதையால் உண்டாகிறது, எவ்வாறு தடுக்கலாம் என்று பிராங்க்ளின் எழுதினார். அப்போது அவருக்கு வயது 29. மறு வருஷம் டிசம்பர் மாதத்தில் யூனியன் நெருப்பணைப்புச் சங்கம் உண்டாயிற்று. விரைவில் முப்பது பேர் சேர்ந்தனர். ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் பாருங்கள். ஒவ்வோர் அங்கத்தினரும் தோல் வாளிகள் இத்தனை, சாமான்களை வாரிக் கட்டி வெளியேற்றுவதற்கு உறுதியான பைகளும் கூடைகளும் இத்தனை, எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். நெருப்பென்று கேட்டவுடன் அவற்றோடு ஓடி வர வேண்டும். மாதம் ஒரு மாலை கூடி நெருப்பைப் பற்றித் தாம் அறிந்ததைப் பேச வேண்டும். கூட்டத்துக்கு வராதவர் அபராதம் கட்ட வேண்டும். அந்த அபராதத் தொகையைக் கொண்டே நெருப்பணைக்கும் யந்திரங்களும் ஏணிகளும் கொக்கிகளும் வாங்கினர்.

நாம் சட்டத் தொழில் பயின்றவர்கள். எத்தனையோ சங்கங்களின் விதிப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறோம். தேசத்தொண்டு, தியாகம், சகோதரத்துவம் என்ற சொற்கள் அவற்றில் நிரம்பியிருக்கும். இன்ன அங்கத்தினர் இன்ன நாளில் இன்னது செய்ய வேண்டும் என்ற வாக்கியம் ஒன்றாவது இராது. பிராங்க்ளினுடைய ஒப்பந்தத்தில் பெரிய சொற்கள் இல்லை, வாளி இருந்தது. மேலும் பலர் சேர வந்தபோது, முப்பது பேர் போதும், நீங்கள் தனியே ஒரு சங்கம் அமையுங்கள் என்றனர். அவ்வாறே சங்கத்தின்மேல் சங்கமாகப் பெருகி, சொத்துடையவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒன்றில் அடங்கினர். 1752-ம் வருஷத்தில் நெருப்பு நஷ்டத்துக்குப் பரஸ்பர இன்ஷூரன்ஸ் சங்கமும் ஏற்பட்டது; அதுவும் இன்றளவும் நடந்துவருகிறது.

தொண்டர்கள் செய்துவிட்டால் சர்க்காருக்குப் பொறுப்பு விட்டது என்று ஆகாதா என்ற கேள்வி எழும். இதற்கு விடை இரவுக் காவல் விஷயத்தில் இருக்கிறது. அந்நகரில் ஒவ்வொரு வட்டத்துக் கான்ஸ்டேபிளும் வீட்டுக்காரர்களை முறை வைத்து இரவுக் காவலுக்கு அழைப்பார். வர மனமில்லாதவர் வருஷத்துக்கு ஆறு ஷில்லிங் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அப்பணத்தில் மாற்று ஆள் அமர்த்த வேண்டும். கான்ஸ்டேபிள்களோ கொஞ்சம் குடிக்கக் கொடுத்துப் போக்கிரிகளைக் கூட்டிக்கொண்டு, மீதியைத் தாமே அநுபவித்தார்கள். பிராங்க்ளின் இதைப் பற்றி ஜூண்டோவில் படித்த கட்டுரையில், காவல் சரியில்லை என்பதோடு நிற்கவில்லை. ஐம்பது பவுன் பெறாத உடைமையை வைத்திருக்கும் ஏழை விதவையும் ஆறு ஷில்லிங், ஆயிரக்கணக்கான பவுன் பெறும் சரக்கைக் கிடங்கில் அடைத்து வைத்திருக்கும் வியாபாரியும் ஆறு ஷில்லிங் என்பது என்ன நியாயம் என்று கேட்டார். சொத்துக்குத் தக்க வரி விதித்து, சம்பளத்துக்கு ஆள் வைத்துக் காவல் நடத்த வேண்டும் என்றார். இது சட்டமாகப் பல வருஷங்கள் சென்றன. தொண்டர் சேர்ந்து செய்யத்தக்கது எது, வரியால் எல்லோரும் சுமக்கத்தக்கது எது என்று பிரித்தறியும் விவேகம் அவரிடம் இருந்தது. நெருப்பு ஓடி வருபவர் கைக்கு அடங்கும். இரவுக் காவல் ஒவ்வோர் இரவும் வேண்டும். ஊக்கம் என்பது மாதத்துக்கு ஒரு முறை மலரும் பூ. அதைக் கொண்டு தினசரி உலை வைக்க முடியாது.

தெரு விஷயத்திலும் அப்படியே. சந்தைக்கு அருகே சேற்றில் அழுந்திச் சாமான் வாங்கும் ஜனங்களை அவர் கண்டார். பேசியும் எழுதியும் சந்தைக்குப் போகும் தெருவில் ஒரு பகுதிக்குக் கல் பாவச் செய்தார். வண்டிச் சக்கரங்கள் மற்ற இடத்துச் சேற்றைக் கொண்டுவந்து அக்கல்லின்மேல் உதறின. உழைப்பாளியான ஏழை ஒருவரைத் தேடிப் பிடித்து, வாரம் இருமுறை பெருக்கி, வீட்டு வாசல்களின் குப்பையையும் அள்ளிச் செல்ல வீட்டுக்கு மாதம் ஆறு பென்ஸ் என்று பேசினார். அந்தச் சொற்பத் தொகையால் கிடைக்கும் லாபங்களை ஒரு தாளில் அச்சிட்டு வீடு தோறும் அனுப்பினார்: வீட்டுக்குள் சேறு வராது, கடைக்கு வாடிக்கைக்காரர் எளிதில் வருவார், காற்றில் புழுதி பறந்து சரக்கின்மேல் படியாது. இரண்டொரு நாள் கழித்து நேரே சென்று கேட்டார், ஒருவர்கூட மறுக்கவில்லை. சுத்தமான தெருவில் நடந்து பழகிய ஜனங்களுக்கு எல்லாத் தெருவும் அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. வரி கொடுக்கவும் மனம் வந்தது. அதன் பின்பே நகரம் முழுவதற்கும் கல் பாவும் மசோதாவைச் சட்ட சபையில் கொண்டுவந்தார்.

தெரு விளக்கைத் தாம் தொடங்கியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஜான் கிளிப்டன் என்பவர் தம் வாசலில் ஒரு விளக்கு ஏற்றி வைத்ததே முதல் என்று பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறார். தமது பங்கு விளக்கின் வடிவம் மட்டுமே என்கிறார். லண்டனிலிருந்து வந்த உருண்டைக் கண்ணாடிக் கூடுகளில் அடியில் காற்று புகவில்லை; புகை உள்ளேயே சுழன்று கண்ணாடியைக் கறுப்பாக்கியது; தற்செயலாகத் தட்டினால் கூடு முழுவதும் உடைந்தது. பிராங்க்ளின் தட்டையான நான்கு கண்ணாடித் தகடுகளும், மேலே நீண்ட புகைபோக்கியும், கீழே காற்றுக்குச் சந்துகளும் வைக்கச் சொன்னார். விளக்கு விடியும் வரை பளிச்சென்று எரிந்தது; உடைந்தால் ஒரு தகட்டை மாற்றினால் போதும்.

1747-ம் வருஷத்தில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் டெலவேர் நதிக்குள் புகுந்து கொள்ளையிட்டன. சட்ட சபையிலோ யுத்தத்தையே பாவம் எனக் கருதும் குவேக்கர்கள் அதிகம். படைக்குப் பணம் கிடைக்கவில்லை. பிராங்க்ளின் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி, ஜனங்களைக் கூட்டி, தற்காப்புச் சங்க ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்டார். ஒரே மாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மாகாணமெங்கும் சேர்ந்த தொகை பதினாயிரத்தைத் தாண்டிற்று. படைத் தலைமை தம்மைத் தேடிவந்தபோது தகுதியில்லை என்று மறுத்து, சாதாரணச் சிப்பாயாக முறை வைத்துப் பீரங்கி மேட்டில் இரவு காத்தார்.

ஆஸ்பத்திரியின் கதை சுவையானது. அது டாக்டர் தாமஸ் பாண்ட் என்பவரின் யோசனை. அவர் பணம் கேட்டுப் போன இடமெல்லாம், பிராங்க்ளினைக் கலந்தீர்களா, அவர் என்ன சொன்னார் என்றே கேட்டார்கள். பிராங்க்ளினும் சேர்ந்தார். சந்தா போதாமையால் 1751-ம் வருஷத்தில் சட்ட சபையை அணுகினார்கள். நகரத்துக்கு மட்டும் பயன்படும் காரியத்துக்கு நாட்டுப்புறத்தார் ஏன் கொடுக்க வேண்டும், நகரத்தாரே முழு மனத்தோடு இதை ஆதரிக்கிறார்களா என்று கிராமப் பிரதிநிதிகள் தயங்கினர். பிராங்க்ளின் மசோதாவில் ஒரு நிபந்தனை சேர்த்தார்: ஜனங்கள் 2,000 பவுன் திரட்டிக் காட்டினால் சர்க்கார் மேலும் 2,000 பவுன் கொடுப்பது; திரட்டாவிட்டால் ஒன்றுமில்லை. அத்தனை பணம் ஒருபோதும் சேராது, ஆகவே செலவின்றித் தருமவான் என்ற பெயர் கிடைக்கும் என்று நினைத்தவர்களும் அதற்குச் சம்மதித்தனர். உடனே அவர் ஜனங்களிடம் சென்று, நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுனும் இரண்டாகிறது என்றார். குறித்த தொகைக்கு மேலேயே சேர்ந்தது. இந்தத் தந்திரத்தைப் பற்றிப் பின்னாளில் எண்ணும்போது தம் மனச்சாட்சி அதிகம் உறுத்தவில்லை என்கிறார். நம் மனச்சாட்சியும் உறுத்தவில்லை. அந்த ஆஸ்பத்திரி இன்றும் நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அவருக்கு இருந்த பெயரைக் கேட்டுப் பாதிரியார் கில்பர்ட் டென்னண்ட் தம் ஆலயத்துக்கு நன்கொடை திரட்ட யோசனை கேட்டார். முதலில் நிச்சயமாகக் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்களிடம் போங்கள். பிறகு, கொடுப்பார்களோ மாட்டார்களோ என்ற சந்தேகத்துக்கு உரியவர்களிடம் போய் முந்தினவர்களின் ஜாபிதாவைக் காட்டுங்கள். கடைசியாக, ஒன்றும் கொடுக்கமாட்டார்கள் என்று நீங்கள் உறுதியாய் நம்புகிறவர்களையும் விடாதீர்கள், சிலரைப் பற்றி நீங்கள் தவறாக எண்ணியிருக்கலாம் என்று பதில் கிடைத்தது. டென்னண்ட் எல்லோரிடமும் போனார். விசாலமான ஆலயம் எழுந்தது. இதே வழியில் 1749-ம் வருஷத்தில் தொடங்கிய கல்விச்சாலை முயற்சியே இப்போது பென்ஸில்வேனியா சர்வகலாசாலையாக விளங்குகிறது.

இவ்வளவு சொன்ன பின் ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது தர்மம் அன்று. பிராங்க்ளினுடைய வீட்டில் நீக்ரோ அடிமைகள் இருந்தனர். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனைக்கும், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தருவதற்கும் விளம்பரங்கள் வந்தன. அவற்றுக்குக் கூலியும் பெற்றார். வாளி ஏந்தி அண்டை வீட்டுக்கு ஓடிய கைகளே அவ்விளம்பரங்களுக்கு எழுத்துக் கோத்தன. ஊர் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்ற கேள்வியை நெடுங்காலம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நம் தேசத்திலும் ஊர் என்றால் இன்ன தெருக்கள் மட்டுமே என்று எண்ணித் தொண்டு செய்தவர்கள் உண்டாதலால், இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். முதுமையில் அவர் மனம் மாறிற்று. 1787-ம் வருஷத்தில் பென்ஸில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1790-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அடிமை வியாபாரத்தையும் அடிமைத்தனத்தையும் ஒழிக்கும்படி காங்கிரஸுக்குச் சென்ற விண்ணப்பத்தில் அவருடைய கையொப்பம் இருந்தது. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை.

1748-ம் வருஷத்தில், 42 வயதில், அச்சுக்கூடத்தைக் கூட்டாளியிடம் ஒப்புவித்து விலகினார். 1757-ம் வருஷத்தில் மாகாணத்தின் பிரதிநிதியாக லண்டனுக்குச் சென்றார். அதற்குப் பிந்திய சரித்திரம் உலகறிந்தது. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் முதலாவது காங்கிரஸ் 1774-ம் வருஷத்தில் பிலடெல்பியாவில் கூடியபோது பிராங்க்ளின் லண்டனில் இருந்தார். பிரதிநிதிகள் கூடிய தச்சர் மண்டபத்தின் மாடியில் இருந்தது அவர் நண்பர்களோடு தொடங்கிய அதே சந்தாப் புத்தகசாலை. அதன் நிர்வாகிகள், பிரதிநிதிகள் யாவரும் புத்தகங்களைத் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தனர். அக்காங்கிரஸின் காரியதரிசியாக அமர்ந்த சார்லஸ் தாம்ஸன், பிராங்க்ளின் எழுப்பிய கல்விச்சாலையில் உபாத்தியாயராக இருந்தவர். ஜூண்டோவைப் பின்பற்றி வாலிபர்கள் கூட்டிய சங்கத்தில் அங்கத்தினராக இருந்தவர். கூட்டம் நடத்தவும், கணக்கு வைக்கவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையாய்க் கேட்கவும் அந்நகரத்தார் அப்போது புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

மாஸச்சூஸெட்ஸில் ஓர் ஊரார் தங்கள் ஊருக்குப் பிராங்க்ளினுடைய பெயரைச் சூட்டி, ஆலயக் கோபுரத்துக்கு ஒரு மணி வாங்கித் தரக் கேட்டனர். மணிக்குப் பதில் புத்தகங்கள் அனுப்பினார். அவ்வூர்ப் புத்தகசாலை அதனால் உண்டாயிற்று.

1790-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 17-ந் தேதி, 84-ம் வயதில், பிலடெல்பியாவில் காலமானார். தமது உயிலின் அநுபந்தத்தில், பிறந்த பாஸ்டனுக்கும் வாழ்ந்த பிலடெல்பியாவுக்கும் தலைக்கு 1,000 பவுன் எழுதிவைத்தார். பென்ஸில்வேனியாவின் பிரதம அதிகாரியாக இருந்து பெற்ற சம்பளத்தையே பொதுக் காரியங்களுக்குத் திருப்பினார். பொது உத்தியோகத்துக்குச் சம்பளம் கூடாது என்பது அவர் கொள்கை. அந்தப் பணத்தை 25 வயதுக்கு உட்பட்ட, விவாகமான, தொழில் பழகி முடித்த வாலிபர்களுக்கு, இரண்டு நல்ல பிரஜைகளின் ஜாமீனில், 15 பவுன் முதல் 60 பவுன் வரை, வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியில் கடன் கொடுத்து, பத்து வருஷத்தில் தவணையாக வசூலித்து, மறுபடி அடுத்தவருக்குக் கொடுத்து வர வேண்டும். இருநூறு வருஷம் இப்படியே நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இளமையில் இரு நண்பர்கள் கடன் கொடுத்து உதவியதால்தான் தமக்கு அச்சுக்கூடம் நிலைத்தது என்பதை அவர் மறக்கவில்லை. கணக்கில் அவர் சற்று அதிக நம்பிக்கை வைத்தார். இருநூறு வருஷ முடிவில் பாஸ்டனில் 40 லட்சம் பவுனுக்கு மேற்படும் என்று எழுதினார். கடன் வாங்கியவர்களில் எல்லோரும் தவணை தவறாமல் கட்டவில்லை. ஆலைத் தொழில் பெருகியபின் அந்நிபந்தனைக்கு உட்பட்ட வாலிபர்களும் அருகினர். ஆயினும் இரு நகரத்தாரும் பணத்தைத் தொலைத்துவிடவில்லை. 1990-ம் வருஷத்தில் கெடு முடிந்தபோது பாஸ்டனில் ஏறக்குறைய 50 லட்சம் டாலரும், பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம் டாலரும் இருந்தன.